வாக்கை இழந்து வீடு திரும்ப வேண்டியதில்லை

தேர்தல் நாளன்று மாலையில் நம் தெருக்களில் இரு வகையினரைக் காணலாம். ஒரு வகையினர் இடக்கைச் சுட்டுவிரலில் மை காயாமல், கடமை முடிந்த நிறைவோடு வருபவர்கள். மற்றொரு வகையினர் வாக்குச்சாவடி வரை சென்றும் வாக்களிக்காமல், தலை குனிந்து திரும்புபவர்கள். "உன் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்" என்பார் ஒருவர். "சீட்டில் மை சிந்திவிட்டது, கேட்கப் பயமாயிருந்தது, அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன்" என்பார் இன்னொருவர். "தபால் ஓட்டுச் சீட்டு வரவே இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்" என்பார் மூன்றாமவர்.

இம்மூவரும் நல்லவர்கள், சண்டை சச்சரவுக்கு அஞ்சுபவர்கள். பெரும்பாலும் வயது முதிர்ந்த தாய்மார்கள், முதன்முறை வாக்களிக்க வந்த இளைஞர்கள், அரசு அலுவலரிடம் ஒரு கேள்வி கேட்கவே தயங்கும் எளியவர்கள். இவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் நம் நாட்டுத் தேர்தல் விதிகள் ஒரு மாற்று வழியைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கதவை உள்ளிருந்து யாரும் திறந்துவிட மாட்டார்கள். வாக்காளர்தாம் தட்ட வேண்டும். அதுவும் அன்றே, அவ்விடத்திலேயே தட்ட வேண்டும். அந்த வழிகள் எவை, அவை எதுவரை செல்லும், எங்கே முடிந்துவிடும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

ஒரு பழைய விதியின் வரலாறு

இரகசிய வாக்களிப்பை பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1872-ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. அதுவரை அந்நாட்டில் வாக்காளர் மக்கள் முன்னிலையில் வாய் திறந்து தம் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரும் முதலாளியும் கேட்டுக்கொண்டு நிற்பர். அச்சிட்ட சீட்டும் மறைவிடமும் வந்த பிறகு ஏழையின் வாக்கு ஏழைக்கே சொந்தமாயிற்று.

சீட்டு என்று ஒன்று வந்தவுடன் புதிய இடர்களும் உடன் வந்தன. காகிதம் கிழியும், மை சிந்தும், கை தவறும், ஒருவர் பெயரால் வேறொருவர் வந்து சீட்டை வாங்கிச் செல்வார். இவை அனைத்தையும் அன்றே முன்னறிந்து, அந்தச் சட்டத்திலேயே இரண்டு பரிகாரங்களைச் சேர்த்தார்கள். தவறுதலாகச் சீட்டைக் கெடுத்துக்கொண்டவர் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுப் பெறலாம் என்பது ஒன்று. தம் பெயரால் பிறர் வாக்களித்துச் சென்றிருப்பின், உண்மையான வாக்காளருக்கு வேறு நிறத்தில் ஒரு சீட்டு அளித்து, அதைப் பெட்டியில் சேர்க்காமல் தனியே கட்டி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

சுதந்திர இந்தியா தன் தேர்தல் முறையை அமைத்தபோது இவ்விரண்டையும் கைவிடவில்லை. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் இவை ஏறத்தாழ அதே சொற்களில் இடம்பெற்றுள்ளன. ஆகவே, சாவடியில் மாற்றுச் சீட்டு கேட்பது அலுவலரிடம் சலுகை வேண்டுவதன்று. நூற்றைம்பது ஆண்டு வழக்காறும் நம் நாட்டு விதியும் தந்துள்ள உரிமையைக் கோருவதே ஆகும்.

சீட்டு கெட்டுப்போனால்

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இப்போது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே வாக்களிக்கிறோம். ஆயினும் காகிதச் சீட்டு நம்மை விட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச் சீட்டும் பெட்டியுமே பயன்பட்டன. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு பதவிகளுக்கு வெவ்வேறு நிறங்களில் நான்கு சீட்டுகள். நான்கையும் ஒரே வேளையில் கையில் வாங்கி, நான்கிலும் முத்திரை குத்தி, நான்கையும் மடிக்க வேண்டும். கண் மங்கிய முதியவருக்கு அது சிறு வேலையன்று.

இத்தகைய நேரத்தில் கை தவறி இரண்டு சின்னங்களின்மேல் முத்திரை விழலாம். மை கொட்டலாம். சீட்டு கிழியலாம். இரண்டு வேட்பாளர்களுக்குக் குறியிட்ட சீட்டும், உண்மையான சீட்டுத்தானா என்று அறிய இயலாதவாறு சிதைந்த சீட்டும் எண்ணிக்கையின்போது தள்ளுபடியாகும். எனவே அதைப் பெட்டியில் போடுவது வாக்கை வீணாக்குவதே. அப்போது செய்ய வேண்டியது இதுதான். சீட்டை மடித்து, நேரே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் செல்ல வேண்டும். "ஐயா, தவறுதலாகக் கெட்டுவிட்டது, வேறு சீட்டு வேண்டும்" என்று சொல்ல வேண்டும். அது வேண்டுமென்றே செய்ததன்று என அவர் மனநிறைவு அடைந்தால், பழைய சீட்டைப் பெற்றுக்கொண்டு வேறொன்று தரலாம் என்பது விதி. திருப்பிக் கொடுத்த சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் 'கெட்டது, ரத்து செய்யப்பட்டது' என்று அவர் எழுதி வைப்பார். ஆகவே ஒருவர் பெயரில் இரண்டு சீட்டுகள் எண்ணப்பட்டுவிடுமோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

இதில் நினைவிற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, பெட்டியில் போட்ட பிறகு எந்தப் பரிகாரமும் இல்லை. பெட்டியின் வாய்தான் எல்லை. இரண்டாவது, கெட்ட சீட்டைப் பிறர் காணும்படி விரித்துக் காட்டக் கூடாது. வாக்கின் இரகசியத்தைக் காக்க மறுப்பவரின் சீட்டை ரத்து செய்ய அலுவலருக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவது, சிறு மைக்கறை கண்டு பதற வேண்டாம். மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்வது இயல்பு. அம்புக்குறிகள் கொண்ட அந்தச் சிலுவை வடிவ முத்திரை, நேர்ப்பதிவு எது, மடிப்பில் ஒட்டிய தலைகீழ்ப் பதிவு எது என்று பிரித்தறிய உதவுகிறது. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரியுமாயின், குறி மங்கலாக உள்ளது என்பதற்காகவோ ஒரே வேட்பாளருக்கு இருமுறை இடப்பட்டது என்பதற்காகவோ மட்டும் சீட்டைத் தள்ளிவிட முடியாது.

பொத்தானை அழுத்திய பின்

இயந்திரத்தில் கிழிவதற்குச் சீட்டு இல்லை. 1982-ஆம் ஆண்டில் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது இந்த இயந்திரம். இதில் நீலப் பொத்தானை அழுத்துவதே பெட்டியில் போடுவதற்குச் சமம். "வேறு சின்னத்தை அழுத்திவிட்டேன், மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. ஆதலால் வீட்டிலுள்ள முதியோருக்கு முன்னதாகவே சொல்லி வைப்போம்: அவசரம் வேண்டாம், மறைவிடத்தில் நின்று, பெயரையும் படத்தையும் சின்னத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள், நீண்ட ஒலி கேட்கும் வரை நில்லுங்கள்.

அழுத்தியபின், அருகிலுள்ள ஒப்புகைக் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு ஏழு வினாடிகள் தெரிந்து, பின் உள்ளே விழும். அதில் நாம் அழுத்தாத ஒருவரின் சின்னம் தோன்றியதாகக் கருதினால் உடனே தலைமை அலுவலரிடம் முறையிடலாம். அவர், பொய்ப் புகார் தண்டனைக்குரியது என எச்சரித்து, எழுத்து மூலம் உறுதிமொழி பெறுவார். பின் முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வாக்குப் போடச் செய்வார். புகார் மெய்யாயின் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு உடனே நிறுத்தப்பட்டு, தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் செய்தி போகும். பொய்யாயின் சோதனை வாக்கு குறித்து வைக்கப்படும். அது எண்ணிக்கையில் சேராது. ஆகவே இது இரண்டாம் வாய்ப்பன்று. இயந்திரத்தைச் சோதிக்கும் வழி மட்டுமே. ஐயம் உறுதியாக இருந்தாலன்றி இதைக் கையாளக் கூடாது.

வாக்குப்பதிவின் நடுவில் இயந்திரம் பழுதாகி வேறொன்று கொண்டுவரப்பட்டால், முன்பு வாக்களித்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய இயந்திரத்தில் பதிவானவை அதிலேயே இருக்கும், அவையும் எண்ணப்படும்.

"உங்கள் ஓட்டு பதிவாகிவிட்டதே!"

எளியவர்களை மிகவும் புண்படுத்துவது இந்தச் சொல்தான். ஒரு தாய் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே செல்கிறார். பட்டியலைப் பார்க்கும் அலுவலர், "அம்மா, உங்கள் பெயருக்கு எதிரில் ஏற்கெனவே குறியிட்டிருக்கிறதே" என்கிறார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். முகவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தாய், தாமே ஏதோ குற்றம் செய்தவர் போல் வெளியேறுகிறார். அவர் வெளியேறக் கூடாது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

அவர் சொல்ல வேண்டியது மிக எளியது. "ஐயா, நான் இப்போதுதான் வருகிறேன். என் விரலைப் பாருங்கள், மை இல்லை. இதோ என் அடையாள அட்டை. எனக்கு டெண்டர் ஓட்டுச் சீட்டுக் கொடுங்கள்." இவ்வளவே போதும். 'ஆய்வுக்குரிய வாக்கு' என்று அலுவல் தமிழில் இது வழங்குகிறது. சாவடியில் பணியாற்றுவோர் வாயில் 'டெண்டர் ஓட்டு' என்றால் உடனே விளங்கும். தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்ற எண்ணுள்ள விதி இதைப் பேசுகிறது. 2018-இல் வெளிவந்த 'சர்க்கார்' திரைப்படத்தால் இந்த எண் இளைஞர்களிடையே பரவலாயிற்று.

நடைமுறை இதுதான். அவர் யார் என்பதைத் தெளிவுபடுத்தத் தலைமை அலுவலர் சில கேள்விகள் கேட்பார். தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு முகவரி போன்றவற்றுக்கு நிதானமாக விடை சொன்னால் போதும். மனநிறைவு அடைந்த அலுவலர், அதற்கென உள்ள படிவத்தில் பெயரெழுதச் செய்து, ஒரு காகிதச் சீட்டைக் கொடுப்பார். ஒவ்வொரு சாவடிக்கும் இதற்காகவே இருபது சீட்டுகள் முன்கூட்டியே அனுப்பப்படுகின்றன. வாக்காளர் மறைவிடம் சென்று, தம் விருப்பத்துக்குரிய சின்னத்தின்மேல் முத்திரையிட்டு, மடித்து, தலைமை அலுவலர் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் அதைத் தனி உறையில் இட்டு வைப்பார். இந்த வாக்கை இயந்திரத்தில் போட இயலாது. பார்வையற்றவரும் உடல் நலிந்தவரும் துணையாள் ஒருவரின் உதவியோடு இதைச் செய்யலாம்.

அலுவலர் செவிசாய்க்க மறுத்தால் குரலை உயர்த்த வேண்டாம். மண்டல அலுவலர் தம் பொறுப்பிலுள்ள சாவடிகளைச் சுற்றி வந்துகொண்டே இருப்பார், அவரிடம் சொல்லலாம். 1950 என்ற தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம்.

சில வேளைகளில் வாக்கு பதிவாகியிராது. ஆனால் வந்திருப்பவர் அவரே அல்லர் என்று ஒரு முகவர் மறுப்பெழுப்புவார். அதற்கு அந்த முகவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். மறுப்பு மெய்ப்பிக்கப்படாவிடில் வாக்காளர் எல்லாரையும் போல் இயந்திரத்திலேயே வாக்களிப்பார். அவ்வாறே, ஊரில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்ற தனிப் பட்டியல் ஒன்றும் சாவடியில் இருக்கும். வெளியூரில் வேலை செய்து வாக்களிக்க ஊர் வரும் நம் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கலாம். அதனால் வாக்குரிமை போய்விடாது. கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தும் விரல் ரேகையும் பெற்று வாக்களிக்க விடுவார்கள்.

அந்த உறை என்ன ஆகும்?

இங்கே நாம் மறைக்காமல் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஆய்வுக்குரிய வாக்குகள் அடங்கிய உறையை எண்ணிக்கை நாளன்று திறக்க மாட்டார்கள். அவை கூட்டலில் சேரா. தேர்தல் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, நீதிபதி தேவையெனக் கருதினால் மட்டுமே அந்த உறை திறக்கப்படும். வெற்றி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் அவ்வழக்கைத் தொடர வேண்டும். வேட்பாளர் மட்டுமன்றி, அத்தொகுதி வாக்காளரும் தொடரலாம்.

"அப்படியானால் எண்ணப்படாத வாக்கைப் போட்டு என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும். 2008 டிசம்பரில் இராஜஸ்தான் மாநிலம் நாத்துவாரா தொகுதியில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். வென்றவர் பெற்றவை 62,216 வாக்குகள். தோற்றவர், அம்மாநிலக் காங்கிரஸ் தலைவராயிருந்த சி. பி. ஜோஷி, அவர் பெற்றவை 62,215. வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு! அதையடுத்து எழுந்த வழக்கில், ஆய்வுக்குரிய வாக்குகள் எத்தனை, அவற்றை எண்ணலாமா என்பதே முக்கிய விவாதமாயிற்று. அவ்வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் நம்மைப் போன்ற சாதாரண வாக்காளர்களே. அவர்கள் வீடு திரும்பியிருந்தால் நீதிமன்றத்தின் முன் வைக்க அந்தச் சீட்டுகள் இருந்திரா.

முடிவை மாற்றாத இடத்திலும் அந்தச் சீட்டு ஒரு சான்று. இந்தச் சாவடியில், இந்த எண்ணுள்ள வாக்காளரின் பெயரால் வேறொருவர் வாக்களித்தார் என்பதற்கு எழுத்து மூலமான பதிவு அது. அது இல்லையேல் நடந்த களவு நடக்காததாகவே போய்விடும்.

இது குறித்து உலவும் இரண்டு பொய்ச் செய்திகளையும் கண்டிக்க வேண்டும். 2019 தேர்தலின்போது கைப்பேசிகளில் பரவியவை இவை. ஒரு சாவடியில் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் அங்கே மறுதேர்தல் நடக்கும் என்றது ஒன்று. அப்படி ஒரு விதியே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிடினும் ஆதார் அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்றது மற்றொன்று. அதுவும் பொய். பெயர் பட்டியலில் இல்லையேல் எந்த அட்டையும் உதவாது.

அஞ்சல் வாக்கும் ஆசிரியப் பெருமக்களும்

நம் பங்குகளில் ஆசிரியர் இல்லாத தெரு அரிது. தேர்தல் பணிக்குச் செல்வோரில் ஆசிரியர்களே மிகுதி. பிறர் வாக்களிக்கத் துணை நிற்கும் அவர்கள் தம் வாக்கை இழந்துவிடுதல் கொடுமை. தம் தொகுதியிலேயே பணி அமைந்தால், தேர்தல் பணிச் சான்று பெற்று, பணியாற்றும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். வேறு தொகுதியில் பணி அமைந்தால் அஞ்சல் வாக்கு. 2023-இல் வந்த திருத்தத்தின்படி தேர்தல் பணியாளர்கள் அதற்கென அமைக்கப்படும் உதவி மையத்திலேயே அதைச் செலுத்த வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கில்லை.

அஞ்சலில் சீட்டுப் பெறும் பிற வாக்காளர்களுக்கு விதி இரண்டு ஆறுதல்களைத் தருகிறது. அனுப்பிய சீட்டு உரியவரிடம் சேராமல் திரும்பி வந்துவிட்டால், தேர்தல் நடத்தும் அலுவலர் அதை மீண்டும் அஞ்சலில் அனுப்பலாம். அல்லது வாக்காளர் கேட்டால் நேரில் கொடுக்கலாம். சீட்டையோ உடன் வந்த தாள்களையோ வாக்காளர் தவறுதலாகக் கெடுத்துவிட்டால், கெட்டவற்றைத் திருப்பிக் கொடுத்து, அது தவறுதலே என்று அலுவலர் ஏற்குமாறு விளக்கிய பின், இரண்டாம் தொகுதித் தாள்களைப் பெறலாம். 'திருப்பிக் கொடுத்து' என்ற சொல்லைக் கவனிக்க. ஆகவே கிழிந்த தாளைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அந்தக் கிழிசலே புதிய சீட்டுக்கு வழி. எல்லாம் எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன்னரே அலுவலரைச் சென்றடைய வேண்டும்.

அஞ்சல் வாக்கில் சீட்டு நன்றாயிருந்தும் தாள்களால் வாக்கு கெடுவதுண்டு. வாக்குச் சீட்டு உள்ளுறையில் இருக்க வேண்டும். உறுதிமொழிப் படிவம் அந்த உள்ளுறைக்கு வெளியே, பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். படிவத்தில் எழுதிய சீட்டு எண்ணும் உள்ளுறையின் மேல் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். தகுதியுள்ள அலுவலரின் சான்றொப்பம் வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில், நெல்லை மாவட்டத்து இராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அங்கே 203 அஞ்சல் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதே வழக்கு. அவற்றையும் எண்ண வேண்டும் என 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு எண்ணிக்கை நடந்தும், உச்ச நீதிமன்றத் தடையால் முடிவு அப்போது வெளியிடப்படவில்லை. ஒரு கையெழுத்து யாருடையது என்பது ஒரு தொகுதியின் தலைவிதியோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது பாருங்கள்!

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி 2024 முதல் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும், நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுடையோருக்கும் உண்டு. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12-டி படிவம் கொடுக்க வேண்டும். குறித்த நாளில் அலுவலர் குழு வீட்டுக்கு வரும். அன்று வாக்காளர் இல்லையேல் இன்னொரு முறை வரும். அதன் பின் வராது. அஞ்சல் வாக்கு ஏற்கப்பட்டவர் சாவடிக்குச் சென்றும் வாக்களிக்க இயலாது. முதியோர் இல்லங்களைக் கவனிக்கும் அருட்சகோதரிகளும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் இந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியே அழிந்தால்

தனி ஒருவரின் சீட்டன்று, சாவடியின் பெட்டியோ இயந்திரமோ பறிக்கப்பட்டால், அழிக்கப்பட்டால், காணாமற் போனால், பழுதுற்றால்? 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. தேர்தல் ஆணையம் அங்கே நடந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கி, வேறொரு நாளில் புதிதாக நடத்த ஆணையிடலாம். அப்போது முன்பு வாக்களித்த அனைவரும் மீண்டும் வாக்களிக்க வேண்டும். "நான்தான் அன்றே போட்டுவிட்டேனே" என்று வீட்டில் இருந்துவிட்டால் அந்த வாக்கு இல்லாமற் போகும். சுட்டுவிரலில் பழைய மை இருப்பது தடையன்று. மறு வாக்குப்பதிவில் இடக்கை நடுவிரலில் மை வைப்பார்கள்.

மாற்று இல்லாத ஓர் இழப்பு

இதுவரை சொன்னவை யாவும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே. அட்டை தொலைந்தால் கவலையில்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஊரக வேலைத் திட்ட அட்டை என 2024 தேர்தலில் பன்னிரண்டு மாற்று ஆவணங்கள் ஏற்கப்பட்டன. புதிய அட்டைக்கு 8-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டுக்கு வரும் வாக்காளர் துண்டுச் சீட்டு மட்டும் அடையாளச் சான்றாகாது.

பெயர் தொலைந்தாலோ, அன்றைய நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேட்புமனு அளிக்கும் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படுகிறது. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 இலட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் என்று காரணங்கள் கூறப்பட்டன. வீடு மாறியவர்களும், படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவர்களும் 6-ஆம் எண் படிவத்தைத் தேட நேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னதாகவே, வீட்டில் ஒருவர் பொறுப்பேற்று, எல்லார் பெயரும் உள்ளனவா எனப் பார்த்து வைப்பது கடமை.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது

மாற்றுச் சீட்டைக் கேட்பது ஒருபுறம். அந்தத் தேவையே எழாமல் காப்பது மறுபுறம். நம் பெயரால் வேறொருவர் வாக்களிக்கிறார் என்றால், அந்த வேறொருவரும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையே. இறந்துபோன மாமனின் வாக்கை, வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் வாக்கை, "வீணாகப் போகிறதே" என்று சொல்லி ஒருவர் போட்டுவிட்டு வந்தால், அதைத் திறமை என்று வீட்டில் சிரித்து மகிழலாகாது. அது களவு, அதோடு பொய்ச்சாட்சியும்கூட. திருக்கட்டளைகள் இரண்டை ஒருசேர மீறும் செயல். நாட்டின் சட்டமும் ஆள்மாறாட்ட வாக்குக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

வாக்குச் சீட்டு ஒரு துண்டுக் காகிதமே. ஆயினும் செல்வரின் கையிலும் கூலியாளின் கையிலும் ஒரே எடையுள்ள காகிதம் அது ஒன்றுதான். அது கெட்டால் கெட்டதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்போம். அதைப் பிறர் எடுத்துக்கொண்டால், மை படாத விரலைக் காட்டிக் கேட்போம். அது வந்து சேராவிடில் உரிய அலுவலரிடம் உரிய நாளுக்குள் கேட்போம். நிமிர்ந்து நின்று, பணிவோடு கேட்போம். அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு மாலையில், இரவு உணவுக்குப் பின், இச்செய்திகளை நம் வீட்டுப் பெரியோருக்கும் முதன்முறை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவோமாக.